வாக்குச்சாவடியில் வந்த கேள்வியும் ஓர் இலவச ஆய்விதழும்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தல். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விரலில் மை வைக்கிற அலுவலராக உட்கார்ந்திருந்தேன். நான் ஆசிரியை, தேர்தல் வந்தால் எங்களுக்குத்தான் டியூட்டி போடுவார்கள். காலையில் ஓரளவு கூட்டம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் வரிசையே இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயில். சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு. எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். சென்னைக்காரர்களுக்கு அக்கறையே கிடையாது.

அந்த நேரத்தில் ஓர் அம்மா வந்தார், அறுபது வயது இருக்கும். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். குடிசையை எடுத்துவிட்டு அங்கே வீடு கொடுத்து அனுப்பி வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனால் பட்டியலில் பேர் இன்னும் எங்கள் சாவடியில்தான் இருந்தது. "இவ்ளோ தூரம் வரணுமா, பேரை அங்கயே மாத்திக்கலாமேம்மா" என்று கேட்டேன். "இங்க வந்து போடலன்னா நான் இங்க இருந்தேன்றதுக்கே அத்தாட்சி இல்லாம பூடும் மேடம்" என்றார். அரை மணி கழித்து ஒருவர் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அப்பா ஓட்டு போட்டார். மகனுக்கும் இதே சாவடிதான், வீடு தெருமுனையில்தான், ஆனால் போடவில்லை. "நம்ம போட்டு என்ன சார் ஆகப்போவுது" என்று தலைமை அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் வந்த கணக்கில் மாநிலம் முழுக்க 69.72 சதவீதம், தென் சென்னையில் 54.17, மத்திய சென்னையில் 53.96. தொலைக்காட்சியில் மறுபடியும் அதே பேச்சுதான், சென்னைக்காரர்கள் சோம்பேறிகள் என்று. அந்த அம்மா வந்ததையும் தெருமுனைக்காரர் போடாமல் போனதையும் சோம்பல் என்ற ஒரே சொல்லை வைத்து விளக்க முடியவில்லை. அஞ்சல்வழியில் உளவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நேரம் அது, தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததுதான் இங்கே எழுதப்போகிற ஆய்விதழ். பெயர் 'ஜர்னல் ஆஃப் சோஷியல் அண்ட் பொலிட்டிக்கல் சைக்காலஜி'. அரசியலில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை உளவியல் வழியாகப் பார்க்கிற இதழ். இரண்டு வருஷமாகப் படிக்கிறேன்.

முதலில் காசு விஷயம், ஏனென்றால் எங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். இது 2013இல் தொடங்கிய இணைய இதழ். ஜெர்மனியில் ட்ரியர் என்ற ஊரில் இருக்கிற லைப்னிட்ஸ் உளவியல் நிறுவனத்தின் சைக்ஓப்பன் என்ற இணைய வெளியீட்டுத் தளம் வழியாக வெளியாகிறது. படிக்கக் காசு கிடையாது, எழுதுகிறவரும் காசு கட்ட வேண்டியதில்லை. இந்த இரண்டாவது பாதி முக்கியம். 'எல்லாருக்கும் இலவசம்' என்று சொல்லுகிற பல இதழ்கள் எழுதுகிறவரிடம் லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டுதான் வாசகருக்குக் கதவைத் திறக்கின்றன, அப்படியென்றால் பணம் உள்ள பல்கலைக்கழகத்து ஆள்தான் எழுத முடியும். இங்கே பொதுப்பணத்தில் ஒரு நிறுவனம் செலவை ஏற்றுக்கொள்கிறது. பதிவு செய்யச் சொல்லவில்லை, மின்னஞ்சல் கேட்கவில்லை, என்னுடைய பழைய போனிலேயே பிடிஎஃப் திறந்தது.

இதே துறையில் மூத்த இதழ் ஒன்று உண்டு, 'பொலிட்டிக்கல் சைக்காலஜி' என்றே பெயர். 1978இல் உருவான சர்வதேச அரசியல் உளவியல் சங்கத்தின் இதழ், 1979இலிருந்து வருகிறது, வைலி பதிப்பகம் வெளியிடுகிறது. மதிப்பில் அதுதான் மேலே என்று எல்லாரும் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதிக் கட்டுரைகளுக்கு மேல் என்னால் திறக்கவே முடியவில்லை. இந்த மாதிரிப் பெரிய பதிப்பகங்களில் ஒரு கட்டுரையை விலைக்கு வாங்க 30 டாலருக்கு மேல் ஆகிறது. ஒரு மாதப் பால் கணக்குக்கும் ஒரு கட்டுரைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றால் எந்த ஆசிரியர் வாங்குவார்? மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், வைலியும் அதில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் தங்கள் நூலகத்தில் கட்டாயம் கேளுங்கள், உங்கள் பெயரில் கட்டிய சந்தா அது. கல்லூரிக்கு வெளியே இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

இன்னொரு வகை இதழையும் சொல்லியாக வேண்டும். என்னுடைய எம்.ஏ. ஆய்வுத்திட்டத்தைக் கட்டுரையாக்கலாமே என்று நினைத்த நாட்களில், பளபளப்பான பெயர் வைத்த ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், ஐந்தாம் நாள் வெளியீடு, இத்தனை ஆயிரம் கட்டுங்கள் என்று. கட்டிவிட்டேன். கட்டுரையை யாரும் படிக்கவில்லை என்பது வெளியான பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் நான் தவறுதலாக இரண்டு தடவை ஒட்டிய ஒரு பத்தி அப்படியே இரண்டு தடவை அச்சாகியிருந்தது. பணம் போனதைவிட அதுதான் வலித்தது. யாராவது படித்து, இது சரியில்லை, இப்படி மாற்று என்று ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவு கற்றிருப்பேன். நல்ல இதழில் துறை அறிந்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லி, எழுதியவர் பதில் சொல்லி, திருத்தி, மறுபடி அனுப்பி, மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களுக்குத்தான் மதிப்பு. இளங்கலை, முதுகலை முடித்துவிட்டு அவசரத்தில் இருக்கிற பிள்ளைகள் தயவுசெய்து அந்த மூன்று நாள் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

என் கேள்விக்கு வருகிறேன். இந்தத் துறையில் அடிக்கடி வருகிற ஒரு கருத்து, 'நம்மால் அரசியலில் ஏதாவது ஆகும்' என்கிற நம்பிக்கை. தமிழில் அரசியல் செயல்திறன் உணர்வு என்று எழுதலாம், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. 1952 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்களிடம் சில வாக்கியங்களைச் சொல்லி ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அதில் ஒன்று, அரசாங்கம் செய்கிற விஷயத்தில் என்னைப் போன்றவர்களுடைய பேச்சு எடுபடாது என்பது. படித்ததும் எனக்குத் தெருமுனைக்காரர்தான் ஞாபகம் வந்தார். நம்ம போட்டு என்ன சார் ஆகப்போவுது. அப்புறம் வந்த ஆய்வாளர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். எனக்கு அரசியல் புரியும், நான் இறங்கிச் செய்ய முடியும் என்பது ஒன்று. நான் சொன்னால் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்பது இன்னொன்று. தெருமுனைக்காரருக்கு முதலாவது நிறைய இருந்திருக்கும், இரண்டாவது சுத்தமாக இல்லை. இப்படிப் பிரித்துப் பார்த்ததும் அவர் மேல் இருந்த கோபம் குறைந்தது. வார்டு அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்து, எத்தனை மனு கொடுத்து அந்த முடிவுக்கு வந்தாரோ, அதை நான் கேட்கவேயில்லை.

அந்த அம்மாவுக்கு இரண்டுமே இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டையே எடுத்துவிட்டார்கள், யார் கேட்டார்கள்? ஆனாலும் வந்தார். அவரைப் புரிந்துகொள்ள இன்னொரு இழை தேவைப்பட்டது, அடையாளம். மக்கள் ஏன் கூட்டாகச் செயலில் இறங்குகிறார்கள் என்பதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2008இல் வான் சோமரன், போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் என்று மூன்று பேர் எழுதிய கட்டுரை மிகப் பேர் பெற்றது. அநியாயம் நடக்கிறது என்ற உணர்வு, நம்மால் முடியும் என்ற நம்பிக்கை, நாம் இன்னார் என்ற அடையாளம், இந்த மூன்றும் ஆட்களை இறக்குகின்றன, அதில் அடையாளம் மற்ற இரண்டுக்கும் தீனி போடுகிறது என்பது அவர்கள் வாதம். அது வேறு இதழில் வந்த கட்டுரை, ஆனால் நான் சொல்லுகிற இதழில் கூட்டுச்செயல் பற்றி எதைத் திறந்தாலும் அந்த வாதத்தோடு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் நின்றவர்களுக்கு இந்த மூன்றையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடற்கரை முழுக்க நின்ற அந்த ராத்திரிகளில் நானும் இருந்தேன், பக்கத்தில் நின்றவர் யாரென்றே தெரியாது, என் பையனுக்கு அவர்தான் பிஸ்கட் கொடுத்தார். கூட்டம் என்றால் மனிதன் புத்தியை இழந்துவிடுவான் என்ற பழைய கருத்தை இந்தத் துறை பல வருஷமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பின்னால் படித்தபோது, எனக்கு அன்று தோன்றியதற்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் எதைத் திறக்கலாம் என்று கேட்டால், 2017இல் இந்த இதழில் வந்த தாமஸ் பெட்டிக்ரூவின் கட்டுரையைச் சொல்வேன். ட்ரம்ப்புக்கு வாக்களித்தவர்களைச் சமூக உளவியல் எப்படிப் பார்க்கிறது என்பது பற்றியது. பத்தே பக்கம், மொழியும் தெளிவு. அதிகாரத்துக்குப் பணிகிற மனப்பாங்கு, சமூகத்தில் மேல் கீழ் இருக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம், பிற இனத்தார் மேல் வெறுப்பு, பிற இனத்தாரோடு பழக்கம் குறைவாக இருப்பது, அப்புறம் ஒப்பீட்டில் நாம் பின்தங்கிவிட்டோம் என்ற உணர்வு, இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு பேசுகிறார். கடைசி இரண்டும்தான் என்னை விடவில்லை.

பழக்கம் குறைவு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்ரூவின் ஆசிரியர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது, வெவ்வேறு கூட்டத்தார் சமமாக, ஒரே நோக்கத்துக்காக, சேர்ந்து உழைத்து, மேலிருப்பவர்களின் ஆதரவோடு பழகினால் வெறுப்பு குறையும் என்று. 2006இல் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பொதுவாக அது உண்மைதான் என்று காட்டினார்கள். இப்போது சென்னையைப் பாருங்கள். வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும், 'சைவம் மட்டும்' பலகையும், போனில் பெயரைக் கேட்டதும் 'வீடு போயிடுச்சு' என்ற பதிலும். ஊர் நடுவில் கூவம் ஓரம் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது அவர்கள் பிழைப்பு போனது, பிள்ளைகள் படிப்பு போனது என்று எழுதினார்கள், அது சரிதான். கூடவே ஒன்று நடந்தது. என் வகுப்பில் அடுக்குமாடிப் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் போய்விட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த வகுப்பையும் இப்போது இருக்கிற வகுப்பையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த பெஞ்ச்தான் ஆல்போர்ட் சொன்ன பழக்கம். அமெரிக்கத் தேர்தலைப் பற்றிய ஒரு கட்டுரை என் வகுப்பறையை எனக்குக் காட்டியது, ஓர் இதழிடமிருந்து இதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன, கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன்.

படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்க மக்களைப் பற்றியவை. இந்தப் பிரச்சினை இதழுக்குத் தெரியும், 2015இல் உளவியலைக் காலனிய நீக்கம் செய்வது பற்றித் தனியாக ஒரு தொகுதியே வெளியிட்டார்கள், அதை மதிக்கிறேன். ஆனாலும் தமிழ்நாட்டைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பியது. வெறும் எண்ணிக்கைக் குறை என்றால் பரவாயில்லை, அளவுகோலே இங்கே பொருந்தவில்லை. கேள்வித்தாள்களில் பல தடவை 'நீங்கள் இடதா வலதா, 1 முதல் 7 வரை குறியுங்கள்' என்று வரும். என் மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் யாராவது கை வைத்தால் சண்டைக்கு வருவார். இந்தி என்றால் கோபம் வரும். பெண்களுக்கு இலவச பஸ் நல்லது என்பார், பேத்தி வேறு சாதியில் கல்யாணம் செய்வதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் எந்த எண்ணில் குறிப்பார்? நாலில் குறித்தால் நடுநிலை என்று கணக்கில் ஏறிவிடும். அவரிடம் நடுநிலை என்பது துளியும் கிடையாது, எல்லாவற்றிலும் அழுத்தமான கருத்து உண்டு, அந்தக் கருத்துகள் வேறு வரலாற்றிலிருந்து வந்தவை. திராவிட இயக்கம் நூறு வருஷமாகப் பேசியதை ஒரு கோட்டின் இரண்டு முனைக்குள் அடக்க முடியாது. இங்கே பொருந்துகிற அளவுகோலை இங்கிருந்துதான் யாராவது செய்ய வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறவர்கள் இதற்கு ஏன் இன்னும் முன்வரவில்லை என்ற வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

அடுத்தது, புள்ளிவிவரம். அது இல்லாமல் இந்தத் துறை கிடையாது, சரி. ஆனால் ஒரே நேரத்தில் எடுத்த கருத்துக்கணிப்பில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது என்பதிலிருந்து, முடிவுரைக்குப் போகும்போது ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்கிற தொனி மெல்ல ஏறிவிடுகிறது. இது இந்த இதழுக்கு மட்டும் உள்ள வியாதியில்லை. 2008இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது, 46 பேரை வைத்துச் செய்தது. திடீர்ச் சத்தத்துக்கும் பயமுறுத்தும் படத்துக்கும் உடம்பு அதிகம் அதிர்கிறவர்கள் பழமைவாதக் கொள்கைகளை அதிகம் ஆதரிக்கிறார்கள் என்று. உலகம் முழுக்கப் பேசினார்கள். 2020இல் வேறு குழு கூடுதல் ஆட்களை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. இன்னொன்று, ஆளுமைக்கும் அரசியல் கருத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 2012இல் ஓர் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழில் வந்த கட்டுரை. விடைகளுக்கு எண் கொடுத்தது தலைகீழாகிப்போனதால் பழமைவாதிகளுக்குச் சொன்ன குணம் உண்மையில் எதிர்ப்பக்கத்துக்குப் பொருந்துவது என்று 2016இல் திருத்தம் வெளியிட்டார்கள். நான்கு வருஷம் அந்தத் தவறு திருத்தப்படாமலே இருந்தது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒரே அரசியல் பக்கம் சாய்ந்தவர்கள், அதனால் தங்களுக்குப் பிடித்த முடிவு வரும்போது துருவிப் பார்ப்பதில்லை என்று இந்தத் துறைக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு. எனக்குப் பிடிக்காத கட்சிக்காரரைத் தாழ்த்திச் சொல்கிற கட்டுரை கையில் கிடைக்கும்போது என் மனசும் குதிக்கிறது, அப்போதுதான் அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

மொழி கடினம். சில கட்டுரைகளில் தொழில்நுட்பச் சொல் இல்லாத சுருக்கம் ஒன்று தனியாக இருக்கிறது, ஏன் இந்த ஆய்வு, என்ன செய்தார்கள், என்ன தெரிந்தது என்று. எல்லாக் கட்டுரைக்கும் அதை வைத்தால் ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், கட்சிகளில் கீழ்மட்டத்தில் வேலை செய்கிறவர்கள்கூடப் படிப்பார்கள். எடுத்தவுடன் முடிவுரைக்குத் தாவாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேர், என்ன வார்த்தையில் கேட்டார்கள், இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் முடிவுரைக்குப் போங்கள். வரம்புகள் என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலோர் தாண்டிவிடுவார்கள், எனக்கு அதுதான் முதலில் பிடித்துப்போன பகுதி. தன் ஆய்வு எங்கே உதவாது என்று எழுதியவரே சொல்லுகிற பழக்கம் நம் அரசியல் பேச்சில் எங்கேயும் இல்லை. நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் 5க்கு 4. குறைந்த ஒன்று, நாம் அதில் இல்லாததற்காக.

கடைசியாக ஒரு வசதி, பலருக்குத் தெரியவில்லை. இந்த இதழின் கட்டுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர் பெயரையும் மூலத்தையும் உரிமத்தையும், நாம் மாற்றியதையும் சொல்லிவிட்டால் போதும், நகலெடுத்து வகுப்பில் கொடுக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், தமிழாக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நானும் எங்கள் பள்ளித் தமிழாசிரியரும் சேர்ந்து பெட்டிக்ரூவின் கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம், சனிக்கிழமைகளில், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து. நாலாம் பக்கத்தைத் தாண்டிவிட்டோம். அவர் சொல்லுகிற ஐந்தில் கடைசியான, ஒப்பீட்டில் பின்தங்கிவிட்டோம் என்ற உணர்வுக்கு 'ஒப்பீட்டு இழப்புணர்வு' என்று எழுதி ஐயாவிடம் காட்டினேன். அவர் அதை அடித்துவிட்டு, "அடுத்த வீட்டைப் பார்த்து வருகிற குறை, அவ்வளவுதானே டீச்சர், அப்படியே எழுதுங்க" என்றார். அடைப்புக்குள் ஒரு தடவை என் சொல்லையும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எல்லாம் அவர் சொன்னதைத்தான் போட்டிருக்கிறோம்.